ஆஃப் பண்ணிப் பாருங்க

"அண்ணே, இதை ஒருக்கா ஆஃப் பண்ணிக் காட்டுங்களேன்."

நாகர்கோவிலில் லேப்டாப் வாங்கப் போன இடத்தில் அக்கா மகள் இப்படிக் கேட்டாள். கடைத் தம்பி முழித்தார். எல்லாரும் ஆன் பண்ணித்தானே பார்ப்பார்கள்.

அணைந்த திரையில் மேலே இருந்த விளக்கு வரிசை முழுசாகத் தெரிந்தது. அவள் நெற்றிச் சந்தனம்கூட. பக்கத்தில் இருந்த பளபளப்பில்லாத மேட் திரையில் அதே விளக்குகள் வெறும் வெள்ளைப் புகையாகக் கலைந்து கிடந்தன.

பளபளத் திரை விழுந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும். மேட் பூச்சு அதைச் சிதறடித்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அவள் படிப்பது முட்டத்து வீட்டுத் திண்ணையில். சாயங்காலம் கடல் பக்கமிருந்து அடிக்கும் வெயிலில் பளபளத் திரையை வைத்தால் பாடம் தெரியாது, முகம்தான் தெரியும்.

மேட் மட்டும் போதாது, திரைக்கு வெளிச்சமும் வேண்டும். அதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் 250 நிட்ஸ்தான். ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கு 300க்கு மேல் இருந்தால் நல்லது, 400 கிடைத்தால் விடாதீர்கள். ஓஎல்இடி வகைத் திரை, டச் ஸ்கிரீன் என்றால் பெரும்பாலும் பளபளப்புதான். படம் பார்க்க அருமை, அதை மறுக்கவில்லை.

ரேம் எவ்வளவு என்று கேட்காதவர் இல்லை. நாள் முழுக்கக் கண் வைக்கப்போகிற திரையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. ஜவுளிக்கடையில் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற ஆட்கள்தானே நாம்?

ஏற்கெனவே பளபளப்பாக வாங்கியவர்களுக்கு மேட் ஒட்டுத்தாள் கிடைக்கிறது. எழுத்து கொஞ்சம் மங்கும், பரவாயில்லை என்றால் ஒட்டிக்கொள்ளலாம்.