வெடிமருந்து இடித்த ஊர்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறுகிறவர்கள் மதிலைப் பார்ப்பார்கள், சுனையைப் பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். பீரங்கிக்கு மருந்து எங்கே இடித்தார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 1792-இல் பாராமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன கதையிலும் தளபதிகள்தான் வருவார்கள், மருந்து இடித்தவன் வரமாட்டான். அந்த எரிச்சலில் எதையெதையோ தேடிப் படித்தபோது அகப்பட்ட ஊர் திமித்சானா.

கிரீஸின் தெற்கில் பெலோபொன்னீஸ், அதன் நடுவில் அர்காடியா என்ற மலைநாடு. லூசியோஸ் ஆறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்குக்கு மேலே, சுமார் 950 மீட்டர் உயரத்தில், கல்வீடுகளாக இருக்கிறது ஊர். உயரம் என்னவோ கிட்டத்தட்ட நம்ம தேன்கனிக்கோட்டை அளவுதான், ஆனால் அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். இப்போது குடியிருப்பது சில நூறு பேர். முன்பு தெயூதிஸ் என்ற நகரம் இருந்த இடம் இது. 2-ஆம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதும்போதே அது கிராமமாகச் சுருங்கிவிட்டது. கிரேக்கக் கடவுள்களின் தலைவன் ஜீயஸைக் குழந்தையாகக் குளிப்பாட்டியது இந்த ஆற்றில்தான் என்றும் அவர் குறித்திருக்கிறார். நம்ம பக்கம் ஓடியிருந்தால் இந்நேரம் படித்துறையும் தேங்காய்க் கடையும் வந்திருக்கும்.

சரி, மருந்துக்கு வருவோம். 1821-இல் தங்களை ஆண்ட உஸ்மானியத் துருக்கியர்களை எதிர்த்துக் கிரேக்கர்கள் கிளம்பியபோது துப்பாக்கி பிடிக்க ஆள் இருந்தது, வெளியிலிருந்து மருந்து வாங்க வழியில்லை. அதைக் கொடுத்தது இந்த ஊர். ஸ்பிலியோதோபுலோஸ் சகோதரர்கள் முன்னின்று மருந்து ஆலைகளை ஓட்டினார்கள். ஊற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து சக்கரத்தின் மேல் விட, சக்கரம் சுற்ற, அதன் தண்டு வரிசையாக உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போடும். உரலில் வெடியுப்பு முக்கால் பங்கு, மிச்சம் கரியும் கந்தகமும். அதே தண்ணீர் மாவு அரைக்கும், கம்பளித் துணியை அடித்து இறுக்கும். 1997-இல் திறந்த நீராற்றல் அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் ஓடவிட்டே காட்டுகிறார்கள்.

என் மாமா கிரானைட் குவாரியில் வெடி வைத்தவர். அவரிடம் சொன்னதும் முதலில் கேட்டது, "ஈரம் பண்ணித்தானே இடிச்சாங்க? காய வெச்சு இடிச்சா உரலும் இருக்காது ஆளும் இருக்காது மாப்ள." ஆமாம், ஈரமாக்கி இடித்து, அப்புறம் குருணையாக்கி வெயிலில் காயவைப்பதுதான் முறை.

மருந்து இருந்தால் போதுமா, தோட்டா சுற்றக் காகிதம் வேண்டும். அந்தக் காலத் தோட்டா என்பது குண்டும் ஒரு தடவைக்கான மருந்தும் உள்ளே வைத்துச் சுருட்டிய காகிதக் குழல். நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைத் துப்பாக்கியில் கொட்ட வேண்டும். காகிதத்துக்கு எங்கே போவது? ஊரில் 1764-இல் தொடங்கிய பள்ளிக்கூடமும் அதன் நூலகமும் இருந்தன. எடுத்துக் கிழித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் படித்தவர்களுக்குப் பேர்போன ஊர். புரட்சி தொடங்கிய அதே வருஷம் இஸ்தான்புலில் உஸ்மானியர்கள் தூக்கிலிட்ட திருச்சபைத் தலைவர் ஐந்தாம் கிரிகோரி இங்கே பிறந்தவர்தான். நூலகம் இன்றைக்கும் இருக்கிறது, தப்பிய புத்தகங்களோடு. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். கொடுத்திருப்பேன், இலக்கணப் புத்தகங்களை முதலில்.