நாற்பதாம் எண்

2024 செப்டம்பர் 24, செவ்வாய்

வகுப்பில் 39-ஆம் எண் வரவில்லை.

மூன்று நாள் விடுமுறை முடிந்து இன்றுதான் பள்ளி. சனிக்கிழமையிலிருந்து ஒகாசான், ஜப்பானில் நான் தங்கியிருக்கும் வீட்டின் அம்மா, தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. பழுப்புத் தண்ணீர், அடித்து வரப்பட்ட மரங்கள், ஹெலிகாப்டர். ஊர்ப்பெயர்களை என்னால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிவதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது.

செப்டம்பர் 25, புதன்

வரவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

காலணி அடுக்கில் 39-க்கு நேர் கீழே என் பெட்டி. வருகைப் பதிவேட்டின் வாலில் 39, 40 என்று தொங்குகிறவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் ஏப்ரலில் வேறு பள்ளியிலிருந்து மாறி வந்தாள். நான் ஆகஸ்ட் கடைசியில் விமானத்திலிருந்து இறங்கினேன். முதல் வாரம் வெளிச்செருப்போடு பலகைமேல் ஏறப் போனபோது சட்டைக் கையைப் பிடித்து இழுத்தவள் அவள்தான். ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தாள். அவ்வளவுதான். நான் வாழ்நாளுக்கும் கற்றுக்கொண்டேன்.

அவளுடைய உள்காலணி அங்கேயே இருக்கிறது. குதிகால் வெளியே தெரியும்படி, இரண்டும் ஒட்டி. வராமலே போகிறவள் அதை விட்டுவிட்டுப் போவாளா?

இந்த வட்டாரத்தில், சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பார்களாம். இன்று நான் இரண்டையும் மறந்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

குளிர்காலச் சீருடை. வெளியே வெயில் கொளுத்துகிறது, ஆனால் நாட்காட்டி அக்டோபர் ஒன்று என்கிறது, ஆகவே கோட்டு. நேற்று வரை அரைக்கைச் சட்டையில் இருந்த பள்ளி முழுவதும் ஒரே இரவில் கறுத்துவிட்டது. கழுத்துப்பட்டி கட்டத் தெரியாமல் பேருந்தைத் தவறவிட்டேன்.

நான் சிரித்திருக்கக் கூடாது.

அக்டோபர் 4, வெள்ளி

இருக்கை மாற்றம். சீட்டுக் குலுக்கல். சீட்டைப் பிரிக்கிறபோது தேர்வு முடிவு போல எல்லோரும் அலறினார்கள். எனக்கு வாசலோரம் முதல் வரிசை. 39-க்காக வகுப்பாசிரியர் எடுத்தார். ஜன்னலோரம், கடைசி இருக்கை. எல்லோரும் ஆசைப்படும் இடம் அதுதான். பின்னால் ஒரு பையன் "அநியாயம்" என்றான், ஆசிரியர் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டான்.

துப்புரவு நேரத்தில் மேசைகளையெல்லாம் பின்னால் நகர்த்த வேண்டும். இதுவரை அவள் மேசையை நான்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். இனி அது என் வரிசை இல்லை. டென்னிஸ்காரன் தூக்கினான். உள்ளே ஏதோ உருண்டது. பென்சிலாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

எனக்கு இரவு ஒன்பது, அம்மாவுக்கு மாலை ஐந்தரை. சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, அங்கே மழையா. அரிசியையும் பத்திரங்கள் இருக்கும் பெட்டியையும் இப்போதே மாடிக்கு ஏற்றிவிட்டார்களாம். இன்னும் ஐப்பசியே பிறக்கவில்லையே அம்மா என்றேன். "போன மார்கழியும் சொல்லிவிட்டா வந்தது?" என்றார்.

அக்டோபர் 9, புதன்

பழஞ்ஜப்பானிய வகுப்பில் எனக்குப் புரிவது மணியோசை மட்டும். இன்று அந்த ஆசிரியர் தடித்த அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அதைத் தொகுத்தவர்களில் ஒருவர் ஓனோ சுசுமு. ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று வாழ்நாளின் பிற்பகுதியெல்லாம் வாதாடியவர். 2008-ல் இறந்தார். மற்ற மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் ஆசிரியர் மறைக்காமல் சொன்னார், வருத்தத்தோடு, ஏதோ அவருடைய சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல. வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தமிழில் ஏதாவது சொல் என்றார்கள்.

ஓனோ இரு மொழிச் சொற்களையும் பக்கம் பக்கமாக இணைத்துப் பார்த்தார். எனக்கு ஒரே ஒரு சொல் போதும். அதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. "வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

சீன வரிவடிவமான கான்ஜியில் தேர்வு. இருபதுக்கு மூன்று. அதில் ஒன்று நாற்பது என்ற எண்.

அக்டோபர் 15, செவ்வாய்

நிச்சோகு. நாள்பொறுப்பு இரண்டிரண்டு பேராகச் சுற்றி வரும். 1, 2. 3, 4. கடைசியில் 39, 40. கரும்பலகையின் வலது ஓரத்தில் எங்கள் இரண்டு பெயரும் இருந்தன. அவளுடையது செங்குத்தாக, அழகாக. என்னுடையது பிறமொழிப் பெயர்களுக்கான கத்தாகனா எழுத்தில், பிறர் சட்டையை இரவல் வாங்கிப் போட்டதுபோல.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பலகையைத் துடைத்தேன். மேல் வரிசை எட்டும், ஆனால் ஒருவர் துடைக்க ஒருவர் துடைப்பானைத் தட்டித் தர வேண்டிய வேலை அது. தனியாகச் செய்தால் பத்து நிமிட இடைவேளை சுண்ணாம்புத் தூளிலேயே போய்விடும். முன்வரிசைப் பெண் ஒருத்தி உதவட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இந்த வேலை எங்கள் இருவருடையது, மூன்றாம் ஆள் எதற்கு என்ற வீம்பாக இருக்கலாம்.

பிறகு நிஷ்ஷி, வகுப்பின் நாட்குறிப்பேடு. தேதி, வானிலை, தாமதமாக வந்தவர், வராதவர், ஆறு பாடங்கள், கடைசியில் 'மனதில் பட்டது' என்று மூன்று கோடுகள். வராதவர் கட்டத்தில் எண் எழுதினால் போதும். 39 என்று எழுதினேன். முன்பக்கங்களைப் புரட்டினேன். 39, 39, 39. ஒவ்வொரு நாளும் வேறு கையெழுத்து. யாரும் அதற்குமேல் ஒரு சொல் எழுதவில்லை. மூன்று கோடுகளில் பூப்பந்து, பசி, தேர்வு பயம்.

செப்டம்பர் 12-ஆம் தேதிப் பக்கமும் இருந்தது. அவள் எழுதியது, நான் கீழே நாய் வரைந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் நாயைச் சுற்றி வட்டம் போட்டு "அருமை" என்று எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு மூன்று கோடுகளிலும் வானிலையைப் பற்றியே எழுதினேன்.

அக்டோபர் 19, சனி

இதை எழுதாமல் தூங்க முடியாது.

ஒகாசான் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அகராதி ஒரு கையில், உப்பிட்ட முள்ளங்கி ஒரு கையில். அவள் வாஜிமாவைச் சேர்ந்தவள். நோத்தோ தீபகற்பத்தின் வடகரையில் இருக்கிறது. ஜனவரி 1, மாலை 4.10. புத்தாண்டு அன்று நிலநடுக்கம். வீடு விழுந்துவிட்டது. தாத்தாவும் பாட்டியும் தற்காலிகக் குடியிருப்பில் இடம் கிடைக்கும் வரை காத்திருந்து, கோடையில்தான் உள்ளே போனார்கள். செப்டம்பர் 21 மழையில் அந்தக் குடியிருப்புக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. அவள் சேறு அள்ளப் போனாள். அதன்பின் கனாஸாவாவுக்குத் திரும்பிவிட்டாளாம், ஆனால் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

இப்போது என் பங்கு.

செப்டம்பர் 12. சுண்ணாம்புக்கட்டி தீர்ந்திருந்தது. அவள் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி "நை" என்றாள். இல்லை என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு. எங்கள் ஊரில் நாய் என்றால் இது என்று நிஷ்ஷியில் வரைந்து காட்டினேன். அவளும் சிரித்தாள், முதல் தடவையாகப் பல் தெரிய. அதன்பின் அது எங்கள் விளையாட்டு ஆகிவிட்டது. அழிப்பான் நை, வன்! வீட்டுப்பாடம் நை, வன் வன்! 'வன்' என்றுதான் இங்கே நாய்கள் குரைக்கின்றன. ஒரு வாரம், எனக்கு இந்த ஊரில் ஒரு தோழி இருந்தாள், எங்களுக்கு ஒரே ஒரு நகைச்சுவை இருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி. காலணி அடுக்கின் முன்னால். பாடநூலின் நான்காம் பாடத்தை அன்றுதான் முடித்திருந்தேன். புது வாக்கியத்தை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். உன் வீடு எங்கே?

"இப்போது நை" என்றாள்.

நான் குரைத்தேன்.

அவளும் சிரித்தாள் என்றுதான் நினைவு. சின்னதாக. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சிரித்தாள்தானே? வாய் மட்டுமா, கண்ணுமா? ஒரு மாதமாக அதைத்தான் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். ஓட்ட ஓட்டத் தேய்கிறது.

நான் தூத்துக்குடிக்காரி. போன டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் மாடியில் இருந்தோம். தொலைபேசி உயிர்பெற்றதும் சென்னையிலிருந்து பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "வீடு இருக்கிறதா?" அந்தக் கேள்வியின் கனம் தெரியாதவள் இல்லை நான். தெரிந்தவள்தான் குரைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்தேன் என்று பொய் சொன்னேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஆறு பாடங்கள், அதில் இரண்டு கணிதம். இரவில் ஒகாசான் இழுப்பறையிலிருந்து கோடையில் மிஞ்சிய செங்கோ ஹனாபி கட்டு ஒன்றை எடுத்து வந்தார். தாள் திரி போன்ற மத்தாப்பு, தலைகீழாகப் பிடிக்க வேண்டும். நமுத்துப்போயிருந்தது. ஐந்தில் ஒன்று பற்றியது. அந்த ஒன்றின் நுனியில் சிவப்புக் குமிழ் திரண்டு நடுங்கி விழும் வரை நானும் அவரும் அவருடைய அப்பாவான தாத்தாவும் மூச்சுவிடாமல் நின்றோம். ஊரில் என் அப்பா பத்தாயிரம் வாலா போட்டாராம். காணொளியில் புகை மட்டும் தெரிகிறது.

நவம்பர் 7, வியாழன்

நண்டு! நேற்று நண்டுப் பருவம் திறந்தது. ஓமிச்சோ சந்தையிலிருந்து ஒகாசான் கோபாகோ வாங்கி வந்தார். பெண் நண்டு, உள்ளங்கை அளவு, வயிறு நிறைய முட்டை. டிசம்பர் கடைசியோடு கிடைக்காது. கத்தரியும் குச்சியும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் அவற்றைத் தொடவே இல்லை. காலை முறித்து, கடைவாயில் ஒரு கடி, ஓர் உறிஞ்சல், சதை முழுசாக வெளியே. தாத்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டரை மாதமாகப் பிள்ளைப்பூச்சிபோல உட்கார்ந்திருந்த பெண் இவள்தானா என்ற பார்வை. "தபெமாஷ்ஷி, தபெமாஷ்ஷி" என்று தன் பங்கையும் என் பக்கம் தள்ளினார். சாப்பிடு என்பதைக் கனாஸாவாக்காரர்கள் சொல்லும் விதம். பாடநூலில் இல்லை.

மிளகு மட்டும் இருந்திருந்தால்.

நவம்பர் 13, புதன்

எங்கள் முறை. மறுபடியும் தனியாகத் துடைத்தேன். முன்வரிசைப் பெண் இந்தத் தடவை கேட்கவே இல்லை, துடைப்பானைப் பிடுங்கித் தட்டிக்கொண்டு வந்தாள். விட்டுவிட்டேன்.

மூன்று கோடுகளில் எழுதினேன்: "39-ஆம் எண்ணின் உள்காலணியில் தூசி படிந்திருந்தது. துடைத்தேன். கடிதம் எழுதினால் கொடுப்பீர்களா?" ஐந்து எழுத்துப் பிழை. ஆசிரியர் ஐந்தையும் திருத்திவிட்டு, கீழே "தாய்ஜோபு" என்று எழுதியிருக்கிறார்.

தாய்ஜோபு! இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ. கடையில் பை வேண்டுமா என்றால் தாய்ஜோபு, வேண்டாம். விழுந்தவரைக் கேட்டால் தாய்ஜோபு, அடிபடவில்லை. முழங்காலில் ரத்தம் வழிந்தாலும் தாய்ஜோபுதான். ஆசிரியர் எழுதியதற்குக் கொடுப்பேன் என்று பொருளா, அதெல்லாம் தேவையில்லை என்று பொருளா? ஒகாசானிடம் காட்டினேன். அவரும் நெடுநேரம் பார்த்தார். "எழுதேன்" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

நான்கு தாள் கிழித்தேன். மன்னிப்புக்கு இந்த மொழியில் எத்தனை படிகள்! எல்லாவற்றிலும் ஏறிப் பார்த்துவிட்டேன். மேல்படிகளில் வங்கி மேலாளர் போல ஒலிக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

எழுதியது இதுதான். "என் ஊரிலும் தண்ணீர் வந்தது. நான் புரிந்துகொள்ளாமல் சிரித்தேன். உன் காலணி சுத்தமாக இருக்கிறது." நாய் வரையவில்லை. வரைந்தேன், பிறகு வேறு தாளில் எழுதினேன்.

நவம்பர் 22, வெள்ளி

அவள் அம்மாவிடம் சேர்ந்துவிட்டதாம். வேறொன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இரவு 10.47. கட்டில் நகர்ந்தது. விளக்குச் சரடு ஆடிக்கொண்டே இருந்தது. தாத்தா வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார், சாத்தவே விடவில்லை. வாஜிமாவில் அதிர்வின் வலிமை 5-இன் கீழ்ப்படி என்று திரையில் வந்தது. அந்த ஊர்ப்பெயரை இப்போது ஒரே பார்வையில் வாசித்துவிடுகிறேன்.

அவள் இப்போது எந்த அறையில், எந்தக் கதவுக்குப் பக்கத்தில்?

நவம்பர் 27, புதன்

வகுப்பில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் துப்புரவு நேரத்தில் டென்னிஸ்காரன் அந்த மேசையை வழக்கம்போல இழுக்காமல் தூக்கி வைத்தான். உள்ளே உருளவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

பருவத் தேர்வு. உயிரியலில் படம் போட்டே பாதி மதிப்பெண் தேற்றிவிடுவேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பகலிலேயே இடி. வீடே குலுங்கியதும் நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். இது புரி ஒகோஷி, பாரை மீனின் பெரியப்பா மகன் போன்ற ஏதோ ஒரு மீனை எழுப்புகிற இடியாம். இனி அந்த மீன் கரைக்கு வரும், பின்னால் பனியும் வரும். எனக்குக் கோபமே வரவில்லை. தெரியாமல்தானே சிரித்தார்.

டிசம்பர் 10, செவ்வாய்

பள்ளி முடிந்ததும் இன்றைய நிச்சோகுகள் பலகையைக் கழுவி, நாளைய பெயர்களை எழுதினார்கள். 38-ஆம் எண் பையன் சுண்ணாம்புக்கட்டியோடு ஒரு நொடி நின்றான். நான் பையில் எதையோ தேடுவதுபோல நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெயரையும் எழுதினான்.

கீழே வந்து பெட்டியைப் பார்த்தேன். காலணி இருக்கிறது. நாளை காலையில் மழை என்கிறார்கள். குடையை இப்போதே வாசலில் வைத்துவிட்டேன்.