கையால் வெட்டிய பழைய பேஸ்பால் கார்டுகள்: அசல் பார்ப்பதும் தரம் பிரிப்பதும்

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்புக் கார்டுகளில் இந்தச் சுற்றில் மேசைக்கு வந்தவை மூன்று வகை. 1961 முதல் 1963 வரை அமெரிக்காவில் 'போஸ்ட்' என்ற நிறுவனத்தின் காலை உணவுத் தானியப் பெட்டிகளின் பின்புறத்தில் அச்சானவை. 1975 முதல் 1979 வரை ஹோஸ்டஸ் கேக் பெட்டிகளில் மூன்று மூன்றாக வந்தவை. 1920 வாக்கில் நீளப் பட்டையாக விற்கப்பட்ட டபிள்யூ514 (சேகரிப்பாளர் பட்டியலில் அந்த செட்டுக்கு உள்ள குறியீடு). தொழிற்சாலையில் வெட்டிய கார்டில் ஓரமே பெரிய சாட்சி. இவற்றில் ஓரம் என்பது யாரோ ஒரு சிறுவனின் கத்தரி வேலை, அதை வைத்து அசல் என்றோ போலி என்றோ சொல்ல முடியாது. ஆகவே அசலா என்பதை அட்டையிலும் மையிலும் தேட வேண்டும். வெட்டு எப்படி என்பது வேறு கேள்வி. அதைக் கார்டைச் சுற்றி அச்சிட்ட எல்லைக் கோட்டில் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பார்வையில் முடிக்கப் போனால் நேராக வெட்டிய போலி தப்பிவிடும், கோணலாக வெட்டிய அசல் மாட்டிக்கொள்ளும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை: 10 மடங்கு லூப் (கண்ணருகே பிடிக்கும் சிறு உருப்பெருக்கி), 60 மடங்கு கை நுண்ணோக்கி, 0.01 மி.மீ. வரை காட்டும் டிஜிட்டல் காலிபர் (தடிமன் அளவி), 365 நானோமீட்டர் யுவி (புற ஊதா) டார்ச், ஒரு வெள்ளை எல்இடி டார்ச். இவற்றைவிட முக்கியமானது ஒப்பிட்டுப் பார்க்க அதே செட்டின் மலிவான கார்டுகள். பெயர் தெரியாத ஆட்டக்காரர்களின் கசங்கிய கார்டுகள் நான்கைந்து போதும். பெரும்பாலும் நட்சத்திர ஆட்டக்காரர்களைத்தான் போலி செய்வார்கள். சாதாரணக் கார்டைப் போலி செய்வதில் பெரிய லாபமில்லை. அதனால் அவைதான் நம்பகமான அளவுகோல்.

முதலில் அச்சு. அக்கால ஆப்செட் அச்சில் படம் பல நிறப் புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் ஒழுங்காக, சிறு பூ வடிவில் சேர்ந்து நிற்கும். ஆனால் கறுப்பு எழுத்தும் கோடும் புள்ளியில்லாமல் திடமாக விழும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளிகளாக உடைந்துவிடும். லூப்பை நேராகப் பெயரின் மேல் வையுங்கள், முகத்தின் மேல் அல்ல. 'R', 'S' போன்ற எழுத்துகளின் விளிம்பில் நீலமோ சிவப்போ துகளாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம். இங்க்ஜெட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தெளித்தாற்போல இருக்கும். லேசர் அச்சில் எழுத்தைச் சுற்றிப் பளபளப்பான டோனர் தூள் ஒட்டியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். டபிள்யூ514-இல் படங்கள் வரைந்தவை, நிறங்கள் கோட்டைத் தாண்டி வழிவது சகஜம். நிறம் பிசகாமல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால்தான் அங்கே சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து அட்டை. போஸ்ட் கார்டின் பின்பக்கம் அச்சில்லாத சாம்பல் நிறம். ஓரத்தை 60 மடங்கில் பார்த்தால் உள்ளே மறுசுழற்சிக் கூழின் சாம்பல் இழைகளும் இடையிடையே நிறத் துணுக்குகளும் தெரியும். உள்பகுதி சீரான வெள்ளையாக இருந்தால் அது தானியப் பெட்டி அட்டை அல்ல. தடிமனை நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து, ஒப்பீட்டுக் கார்டுகளின் வரம்போடு பாருங்கள். மூலைகளுக்குள்ளேயே 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் பின்பக்கம் உரிந்திருக்கும். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியதைப் பிய்த்தெடுத்த அடையாளம் அது. பட்டைக் கார்டுகளில் நிறையவே பார்க்கலாம்.

தடிமன் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. 1961 போஸ்ட் கார்டுகள் பெட்டியில் மட்டும் வரவில்லை. அணிவாரியாகப் பத்துப் பத்தாக, மெல்லிய அட்டையில், துளையிட்ட தாளாகத் தபாலிலும் கிடைத்தன. 1962-இல் நட்சத்திர ஆட்டக்காரர்களான மிக்கி மேன்டில், ரோஜர் மாரிஸ் கார்டுகள் லைஃப் பத்திரிகை விளம்பரத்தோடும் வந்தன. அவையும் மெல்லிசுதான். பெட்டி அட்டையோடு ஒப்பிட்டு இவற்றைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். தபால் தாளிலிருந்து வந்ததில் ஓரத்தில் துளைப் பற்களின் மிச்சம் இருக்கும். அதைச் சீவியிருந்தாலும் ஓரிரு இடத்தில் இழை கிழிந்த தடம் தெரியும்.

1962 போஸ்டுக்கும், ஜெல்-ஓ என்ற ஜெல்லி இனிப்புப் பெட்டிகளில் வந்த கார்டுகளுக்கும் குழப்பம் வரும். ஜெல்-ஓவில் போஸ்ட் முத்திரையும் புள்ளிவிவரக் கட்டத்தின் சிவப்பு, நீலக் கோடுகளும் இல்லை, எனவே பிரிப்பது எளிது. 1963-தான் தொல்லை. ஜெல்-ஓ சுமார் 3 மி.மீ. குறுகியது, போஸ்ட் கார்டைச் சீவி ஜெல்-ஓ என்று காட்டலாம். வெட்டிய ஓரத்துக்கு ஓரம் அளப்பதில் பயனில்லை. அச்சிட்ட கோட்டுக்குக் கோடு அளந்து, சந்தேகமில்லாத ஒரு கார்டோடு ஒப்பிடுங்கள்.

யுவி சோதனையை ஒருதிசைச் சோதனையாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. தாளை வெண்மையாக்கும் ஒளிர் வேதிப்பொருள்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1920 கார்டு யுவியில் பளீரென்று நீல வெள்ளையாக எரிந்தால் அது பிற்கால அட்டை. மங்கலாக இருந்தால் பழையது என்று பொருளில்லை. ஒளிராத புதுத் தாளும் கிடைக்கிறது. போஸ்ட், ஹோஸ்டஸ் காலத்துக்கு இதை வயதுச் சோதனையாக வைத்துக்கொள்ளவே வேண்டாம். அங்கே யுவியின் பயன் வேறு: மூலையில் பூசிய நிறம், பசை, மார்க்கர் மை ஆகியவை சுற்றியுள்ள அச்சிலிருந்து வேறுபட்டுத் தெரியும். ஹோஸ்டஸின் கறுப்புக் கோட்டில் மார்க்கர் தீட்டுவது பழைய தந்திரம்.

தேநீரிலோ காப்பியிலோ நனைத்துப் பழுப்பாக்கிய நகல்களும் உண்டு. அட்டையின் வெட்டு ஓரம் நீரை அதிகம் உறிஞ்சும். அதனால் ஓரம் முகத்தைவிடக் கறுத்து, உள்நோக்கி அலையலையாகத் தடம் விட்டிருக்கும். கேக் பெட்டிக் கார்டில் எண்ணெய்க் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். தரம் குறையும், ஆனால் அசல் என்பதற்கு அது எதிரி அல்ல.

இனி வெட்டு. கத்தரி போன இடத்தில், அது மூடித் திறந்த ஒவ்வொரு இடத்திலும் சின்னப் படி விழும். ஒரு பக்கம் லேசாக உருண்டு, மறுபக்கம் பிசிறு நிற்கும். ஸ்கேல் வைத்துக் கத்தியால் வெட்டியதில் படி இருக்காது. பழைய வெட்டின் இழைகள் அழுக்கேறி மழுங்கியிருக்கும். புது வெட்டில் உள்பகுதி வெளிச்சமாகத் தெரியும். நான்கில் ஒரு ஓரம் மட்டும் புதிதாக இருந்தால் யாரோ பின்னால் சீவியிருக்கிறார்கள். முழுப் பட்டையை இன்று வெட்டினாலும் கார்டு அசல்தான், ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள். தனிக் கார்டுகள் எத்தனையோ மிஞ்சியிருக்கின்றன, முழுப் பட்டைகள் அப்படியில்லை.

தரத்தில் எல்லைக் கோடுதான் ராஜா. கோடு நான்கு பக்கமும் முழுதாகத் தெரிந்தால் எண் தரத்துக்கு, அதாவது கார்டின் நிலைக்குத் தரும் மதிப்பெண்ணுக்கு, வாய்ப்புண்டு. ஓரிடத்தில் உள்ளே வெட்டியிருந்தாலும் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் பொதுவாக எண் தராமல் 'அசல்' என்ற குறிப்போடு நிறுத்திவிடும். பார்க்க வேண்டிய இடம் மூலைகள். கத்தரி திரும்பும்போது கோட்டை அங்கேதான் கடிக்கும். கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. மிச்சம் இருந்தால் அதை நேராக்கக் கை அரித்தாலும் விட்டுவிடுங்கள். மிச்சம் குறையல்ல, பாதுகாப்பு. ஹோஸ்டஸ் தனிக் கார்டு சுமார் 57 × 83 மி.மீ., போஸ்ட் சுமார் 63.5 × 89 மி.மீ. இந்த எண்கள் வழிகாட்டி மட்டுமே. கோடு இருக்கும்போது அளவு இரண்டாம்பட்சம்.

மடிப்பைக் கடைசியாகப் பாருங்கள். விளக்கை அணைத்து, எல்இடியை மேசைமட்டத்தில் வைத்து, கார்டை நான்கு திசையிலும் சுழற்றுங்கள். அழுத்தி நீவிய மடிப்பு நேர் வெளிச்சத்தில் மறையும். சாய்ந்த வெளிச்சத்தில் பளபளப்பு உடைந்த கோடாக நிற்கும்.

அடுத்த சுற்றுக்கு ஒதுக்கியிருப்பது 1960 பசூக்கா (பபுள்கம் பெட்டிகளில் வந்தவை): மொத்தம் 36 கார்டு, மூன்று சேர்ந்த பட்டை, ஒவ்வொன்றும் சுமார் 46 × 70 மி.மீ. நடுக் கார்டுக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக் கார்டு இருப்பதால் வெட்டு உள்ளே போகும் இடம் அதில்தான் அதிகம். முதலில் நடுக் கார்டுகளை மட்டும் பிரித்து அளக்கத் திட்டம்.