கில்வா கிசிவானி: சுவரைப் பார்க்கப் போங்கள்

தான்சானியாவின் தென்கரையில், பழைய வணிக நகரம் ஒன்றின் இடிபாடுகள் இருக்கும் இந்தத் தீவுக்கு வருகிறவர்களில் பலர் பெரிய பள்ளிவாசலில் நாலு படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். முழுப் பகலும் ஒதுக்குங்கள்.

டார் எஸ் சலாமிலிருந்து தெற்கே சுமார் 300 கி.மீ. போனால் கில்வா மசோகோ, தீவுக்குப் படகேறும் கரையோர ஊர். தீவுக்கான அனுமதிச் சீட்டை அங்கேயே வாங்கிவிட வேண்டும். படகுத்துறைக்குப் போனபின் யோசித்தால் காலை வீணாகும். மார்ச் முதல் மே வரை பெருமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை வசதி. தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும்.

தீவில் முதலில் கவனிக்க வேண்டியது கல். சுவருக்குக் கரையில் வெட்டிய கரடுமுரடான பவளக்கல். மிஹ்ராப் (தொழுகைத் திசை காட்டும் சுவர் மாடம்) போன்ற செதுக்கு வேலைக்குக் கடலடியில் வெட்டிய நுண்பவளம். ஈரத்தில் மென்மையாக இருக்கும், காய்ந்தால் இறுகிவிடும், அதனால் எடுத்தவுடன் செதுக்க வேண்டும். விறகு அடுக்கிப் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கூரைக்குக் கண்டல் (அலையாத்தி) மரக் கழி. அதன் நீளம்தான் அறையின் அகலத்தைத் தீர்மானித்தது: இரண்டரை, மூன்று மீட்டர். ஹுசுனி குப்வா அரண்மனையிலும் அறைகள் நீண்டு ஒடுங்கியிருப்பது இதனால்தான். (அங்குள்ள எண்கோணக் குளத்தைத் தவறவிடாதீர்கள்.)

பள்ளிவாசலின் வடபகுதி பழையது. தென்பகுதி 14ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. அதற்கு முதலில் நிறுத்திய ஒற்றைக்கல் பவளத் தூண்கள் நிலைக்கவில்லை. இன்று காணும் எண்கோணத் தூண்கள் கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் பிறகு கட்டியவை.

பாரசீகத்தின் ஷீராஸ் நகர இளவரசர் ஒருவர் துணி கொடுத்துத் தீவை வாங்கினார் என்ற கதையை இங்கே கேட்பீர்கள். அகழாய்வு காட்டுவது வேறு. கல் கட்டடங்களுக்கு முன்பே, பாண்டு (Bantu) என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசியவர்கள் கழியும் மண்ணும் வைத்து வீடு கட்டி, மீன் பிடித்து வாழ்ந்த ஊர் இது. ஆனால் கதை முழுப் பொய்யும் இல்லை. 2023இல் வெளியான மரபணு ஆய்வு, சுவாஹிலிக் கரையின் (கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை) பழைய கல்லறைகளில் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கம் என்றும், கி.பி. 1000 வாக்கில் பாரசீக ஆண்வழி கலந்தது என்றும் காட்டியது.

செல்வம் வந்தது காற்றால். வடகிழக்குப் பருவக்காற்றில் அரேபியாவிலிருந்து இறங்கும் கப்பல் தென்மேற்குக் காற்றில் திரும்பியாக வேண்டும். ஒரே பருவத்தில் போய்வர ஏறக்குறைய கில்வாதான் எல்லை. அதற்கும் தெற்கே, இன்றைய மொசாம்பிக்கில் உள்ள சோஃபாலா துறைமுகத்தின் தங்கத்தைக் கில்வாக்காரர்களே ஏற்றிவந்தார்கள். 1331இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா கண்டது அந்த வளத்தைத்தான். 1505இல் போர்ச்சுகீசியர் சூறையாடினார்கள்.

மறுநாள், இடிபாடுகள் உள்ள பக்கத்துத் தீவான சோங்கோ ம்னாராவுக்குப் போவதானால் படகோட்டியிடம் கடல் ஏற்ற வற்ற நேரம் கேட்டுக் கிளம்புங்கள். வற்றத்தில் போனால் கண்டல் சேற்றில் முழங்கால் புதைய நடக்க வேண்டியிருக்கும்.