டென்னியை எந்தப் பெட்டியில் போடுவது?

சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த சிறு எலும்புத் துண்டு அது. நீளம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். 2018இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது: சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணுடையது, அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன்; இரண்டுமே அழிந்துபோன பழங்கால மனித வகைகள். டென்னி என்று செல்லப்பெயரும் வைத்துவிட்டார்கள். அந்த அப்பாவின் முன்னோரிலேயே நியாண்டர்தால் கலப்பு இருந்ததாம்!

பள்ளியில் என்ன படித்தோம்? கூடிப் பெற்ற பிள்ளைகளுக்கும் பிள்ளை பிறந்தால் ஒரே சிற்றினம். குதிரையும் கழுதையும் சேர்ந்தால் மலட்டுக் கோவேறு கழுதை, ஆகவே அவை வேறு வேறு. 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் பிரபலமாக்கிய வரையறையின் சாரம் இதுதான். நம் முன்னோரும் நியாண்டர்தாலோடு கலந்தவர்கள்தான்; அதன்படி பார்த்தால் நியாண்டர்தாலும் நாமும் ஒன்றுதானே? துணைச் சிற்றினம் என்று சொல்லிவிடலாமே? சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மண்டையோட்டை அளப்பவர்கள் ஒப்ப மாட்டார்கள். புருவ மேடு, உள்காது எலும்பு எல்லாமே வேறு. 1864இல் நிலவியலாளர் வில்லியம் கிங் நியாண்டர்தாலுக்குத் தனிச் சிற்றினப் பெயர் வைத்ததும் எலும்பைப் பார்த்துத்தான். அப்புறம், பனிக்கரடியும் பழுப்புக் கரடியும் கலந்து குட்டி போடுகின்றன, குட்டிகளும் மலடல்ல. யாரும் அவற்றை ஒன்றாக்கவில்லையே. எனக்கும் இந்தக் கட்சிதான் சரியென்று படுகிறது.

எந்தப் பெட்டியில் போட்டாலும் அந்தக் கலப்பு நம் உடம்பில் இருக்கிறது: கோவிட்டைக் கடுமையாக்கக்கூடிய ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது.