டிடபிள்யூஐ கேஸோடு கனடா எல்லையைக் கடந்த அனுபவம்

நியூ ஜெர்சியிலிருந்து காரிலேயே டொராண்டோ போய் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். எனக்கு ஸ்கார்பரோவில் அக்கா இருக்கிறாள். 2015இல் என் மேல் இருந்த டிடபிள்யூஐ, அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ், முனிசிபல் கோர்ட்டில் முடிந்தது. அபராதம், குடித்து ஓட்டியவர்களுக்கு நடத்தும் ஐடிஆர்சி வகுப்பு, ஏழு மாதம் லைசென்ஸ் ரத்து. நியூ ஜெர்சி சட்டப்படி இது கிரிமினல் குற்றமே இல்லை, போக்குவரத்து விதிமீறல்தான். வக்கீலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், கனடா என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் என் ஆதங்கம்.

அமெரிக்க பாஸ்போர்ட்தானே, விசா எதுவும் வேண்டாமே என்று பஃபலோ பக்கம் இருக்கும் எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜ் வழியாகப் போனேன். இதற்கு முன் கைதோ தண்டனையோ உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றேன், வண்டியை ஓரம் கட்டி உள்ளே வரச் சொன்னார்கள். அங்கே ஒரு அதிகாரி பொறுமையாக விளக்கினார்: உங்கள் மாநிலத்தில் இதற்கு என்ன பெயர் என்பது எங்களுக்கு முக்கியமில்லை, இதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அது என்ன குற்றம் என்றுதான் பார்ப்போம். கனடாவில் குடித்துவிட்டு ஓட்டுவது கிரிமினல் குற்றம், அதனால் உள்ளே விட முடியாது என்றார். அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு அது. அன்றைக்கு நானாகவே திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இது நாடுகடத்தல் உத்தரவு இல்லை, அந்த வித்தியாசம் பின்னால் எந்த விண்ணப்பம் போட்டாலும் முக்கியம் என்பதால் அந்தத் தாளைத் தொலைக்காமல் வைத்திருங்கள். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொய் சொன்னதாக முடிவானால் ஐந்து வருடம் கனடா பக்கமே போக முடியாது, பழைய கேஸைவிட அது பெரிய தலைவலி.

அடுத்து அக்கா மகள் கல்யாணம். நான்தான் தாய்மாமன், போகாமல் இருக்க முடியுமா? டிஆர்பி என்று ஒரு தற்காலிக அனுமதி இருக்கிறது, அமெரிக்கக் குடிமக்கள் அதை எல்லையிலேயே கேட்கலாம். கட்டணம் 200 கனடா டாலருக்கு மேல், மறுத்தாலும் பணம் திரும்பாது, கொடுப்பதும் மறுப்பதும் அந்த அதிகாரியின் முடிவு. இந்த முறை ஃபைலோடு போனேன். கோர்ட் முத்திரை வைத்த தீர்ப்பு நகல், அபராதம் கட்டிய ரசீது, வகுப்பு முடித்த கடிதம், லைசென்ஸ் திரும்பக் கிடைத்த தேதி இருக்கும் டிரைவர் அப்ஸ்ட்ராக்ட் (வண்டி ஓட்டிய வரலாற்றுப் பதிவு), வேலைக் கடிதம், எல்லாம். எல்லையில் இருந்த பெண் அதிகாரி அப்ஸ்ட்ராக்டில் இருந்த தேதி மேல் விரலை வைத்துக்கொண்டே ரசீதையும் வகுப்புக் கடிதத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அப்புறம் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். தாய்மாமன் என்றால் சடங்கில் என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். கல்யாணத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி யாருடைய மனசையாவது நம்பிப் போக முடியாது. நிரந்தரத் தீர்வு கிரிமினல் ரிஹாபிலிடேஷன், அதாவது பழைய குற்றத்தைக் காட்டி இனித் தடுக்க மாட்டோம் என்று கனடா அரசு தரும் ஒப்புதல். தண்டனை முழுதாக முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகுதான் இதற்கு விண்ணப்பிக்கலாம், பலர் கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான். கைதான தேதியிலிருந்தோ தீர்ப்பு வந்த தேதியிலிருந்தோ எண்ணக் கூடாது. அபராதம் என்றால் கட்டி முடித்த தேதி, ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) என்றால் அது முடிந்த தேதி, வண்டி ஓட்டத் தடை என்றால் தடை நீங்கிய தேதி. இவற்றில் எது கடைசியோ அதிலிருந்துதான் எண்ண வேண்டும். எனக்கு அது 2016. தீர்ப்புத் தேதியை வைத்து விண்ணப்பித்திருந்தால் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று திருப்பியிருப்பார்கள்.

விண்ணப்பத்தில் அலைச்சல் முழுக்க போலீஸ் சான்றிதழில்தான். 18 வயதுக்கு மேல் ஆறு மாதமோ அதற்கு அதிகமாகவோ இருந்த எல்லா நாட்டிலிருந்தும் கேட்கிறார்கள். எஃப்பிஐக்குக் கைரேகை, மாநில போலீஸ் சான்றிதழ், இந்தியாவுக்குத் தனியாக பிசிசி என்ற போலீஸ் சான்றிதழ். இந்த வேலையை முதலில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நியூ ஜெர்சி சட்டப் பிரிவு 39:4-50இன் வாசகத்தையும் அச்சடித்து இணைத்தேன். என்ன நடந்தது, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறேன் என்ற கடிதத்தை வக்கீல் பாஷையில் எழுதாமல் நானே உட்கார்ந்து எழுதினேன். பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது அந்த ஒப்புதல் கடிதத்தை பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன். எல்லையில் இன்னும் உள்ளே கூப்பிடுகிறார்கள், கடிதத்தைப் பார்த்ததும் அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு பழைய கேஸ், தண்டனை முடிந்து பத்து வருடம் ஆகிவிட்டது என்றால் பெரும்பாலும் விண்ணப்பமே தேவைப்படாது, ஆனால் அதே காகிதங்களைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்தப் பத்து வருடக் கணக்கு 2018 டிசம்பர் 18க்கு முன் நடந்த சம்பவங்களுக்குத்தான். அன்றிலிருந்து கனடாவில் இதற்கு அதிகபட்ச தண்டனை ஐந்திலிருந்து பத்து வருடமாகிவிட்டது, அதனால் இப்போது இது கடுமையான குற்றம் என்ற பிரிவில் வருகிறது. அதற்குப் பிறகு நடந்திருந்தால் எத்தனை வருடம் போனாலும் தானாகச் சரியாகாது, விண்ணப்பித்தே ஆக வேண்டும், கட்டணமும் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதற்கான ஐந்து வருடம் ஆகும்வரை டிஆர்பிதான் வழி.