இரண்டு முறை எண்ண வேண்டிய இடைவெளி

சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு நிலைமாற்றிதான் மாஸ்ஃபெட். மூன்றாவது மாஸ்ஃபெட்டும் புகைந்த பிறகுதான் சுருளைச் சந்தேகிக்கத் தோன்றியது. அதுவரை சுற்றுப்பலகையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சுருளின் உள்ளகத்துக்கு, அதாவது கம்பி சுற்றும் காந்தப் பீங்கானுக்கு, நடுக்காலில் இடைவெளி அரைத்த ஈ (E) வடிவ ஃபெரைட் ஜோடியைக் கேட்டிருந்தேன். வந்தது அரைக்காத ஜோடி. சேர்த்துவைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அளவி கையருகிலேயே கிடந்தும் 34 சுற்றுச் சுற்றி நேராகப் பற்றவைத்தது என் சோம்பல். பிறகு அளந்தால் சுருளின் மின்தூண்டல் 3.1 மில்லி ஹென்றி. எனக்கு வேண்டியது 250 மைக்ரோ ஹென்றி, உச்ச மின்னோட்டம் 5 ஆம்பியர். அந்த நிலையில் உள்ளகம் அரை ஆம்பியரிலேயே தெவிட்டியிருக்கும், அதாவது அதற்குமேல் காந்தமாகாமல் மின்னோட்டத்தைத் தடுக்க முடியாமல் விட்டுவிடும். மாஸ்ஃபெட் என்ன செய்யும், பாவம்.

சரி, இடைவெளியை நாமே வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். உள்ளகத்தில் காந்தப்பாயம் (காந்தப்புலக் கோடுகளின் ஓட்டம்) சுற்றிவரும் பாதை நீளம் 92 மி.மீ., குறுக்குப்பரப்பு 125 ச.மி.மீ. ஃபெரைட்டின் ஒப்புமை உட்புகுதிறனை, அதாவது வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு எளிதாகக் காந்தப்பாயத்தை விடுகிறது என்பதை, 2000 என்று கொண்டால், 1 மி.மீ. காற்று 2 மீட்டர் ஃபெரைட்டுக்குச் சமமான காந்தத் தடை (பாயத்துக்கு வரும் எதிர்ப்பு) தரும். கணக்கில் வந்த இடைவெளி 0.68 மி.மீ. மொத்தத் தடையில் ஃபெரைட்டின் பங்கு சுமார் 6 சதவீதம்தான், மீதியெல்லாம் காற்று. சுருளில் சேரும் ஆற்றலும் பெரும்பாலும் அந்தக் காற்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஃபெரைட் வழிகாட்டும் வேலையை மட்டும் செய்கிறது.

இந்தக் 'காந்தத் தடை' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மின்தடை என்றால் சூடு, இழப்பு. காந்தத் தடையில் அப்படி எதுவும் எரிவதில்லை. 1888இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹெவிசைடு ஆங்கிலத்தில் இதற்கு ரிலக்டன்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு சிலர் 'காந்தத் தயக்கம்' என்கிறார்கள். ஆனால் நம் பாடநூல்களில் காந்தத் தயக்கம் என்பது ஹிஸ்டெரிசிஸ், அதாவது புலம் முன்னால் போக, காந்தமாதல் பின்தங்கி வரும் சங்கதி. உண்மையில் ஃபெரைட்டைச் சூடாக்குவது அதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் எதைக் குறைக்கப் பாடுபடுகிறோம் என்றே தெரியாது. எனவே என் குறிப்பேட்டில் ரிலக்டன்ஸ் காந்தத் தடை, அதன் பொருள்சார்ந்த அளவு காந்தத் தடை எண். உட்புகுதிறனின் தலைகீழ்தான் அது, மின்தடை எண்ணுக்குச் சித்தப்பா மகன். நிலைக்காந்தம் தன் காந்தத்தை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் ஒருவகை எதிர்ப்புத்தான், ஆனால் அது காந்த நீக்குத்திறன், வேறு குடும்பம்.

இப்போது என்னை நான்கு நாள் அலைக்கழித்த இடத்துக்கு வருகிறேன். 0.68 மி.மீ. கனத்துக்கு அட்டை வெட்டி இரு பாதிகளுக்கும் நடுவே வைத்து, நாடா சுற்றி அளந்தேன். 152 மைக்ரோ ஹென்றி. மறுபடி சுற்றுகளை எண்ணினேன், 34 சரி. அட்டையைத் திருகு அளவியில் வைத்தேன், அதுவும் சரி. இரவு பன்னிரண்டு மணிக்கு உறைத்தது: அட்டை நடுக்காலில் மட்டும் இல்லை, ஓரக்கால்களிலும் இருக்கிறது. காந்தப்பாயம் நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை காற்றைக் கடக்கிறது. இடைவெளி 1.36 மி.மீ. ஆகிவிட்டது. பாதிக் கனம் போதும், 0.34.

அச்சுத்தாள் மூன்றை அடுக்கினேன், துண்டு ஒட்டுநாடா ஒன்று சேர்த்தேன். 286 காட்டியது. இடைவெளியின் விளிம்பில் புலம் வெளியே பிதுங்குவதால் பயனுள்ள பரப்பு கூடுகிறது, தடை குறைகிறது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, நாடாவை இறுக்கினால் 301, தளர்த்தினால் 279. தாள் அமுங்குகிறது! காகிதத்தை நம்பிக் காந்தச் சுற்று கட்டக் கூடாது. பாலியெஸ்டர் தாளுக்கு மாறிய பிறகு எண் அசையவில்லை. ஒட்டும் முகங்களைத் துடைப்பதையும் விட்டுவிடாதீர்கள். இடைவெளியே இல்லாத ஜோடியில்கூட 12 மைக்ரான் அளவுக்குக் காற்று இருந்ததாக என் கணக்கு சொல்கிறது. அந்தச் சொற்பக் காற்றும் 24 மி.மீ. ஃபெரைட்டுக்குச் சமம்.

நடுக்காலை மட்டும் அரைக்கலாமே என்பீர்கள். முயன்றேன். கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் மூன்று கால்களும் சேர்ந்தே தேயும், நடுக்கால் மட்டும் தேயாது. வைரத்தூள் அரம் கொண்டு தேய்த்ததில் ஒரு மூலை பிஸ்கட்டைப் போல உடைந்தது. அந்தப் பாதி இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அலைநோக்கியில் மின்னோட்டம் 5 ஆம்பியர் வரை நேர்கோடாக ஏறுகிறது, கணக்கின்படி 0.34 டெஸ்லா. மாஸ்ஃபெட் பிழைத்துவிட்டது. ஆனால் ஓரக்கால் இடைவெளிகளிலிருந்து கசியும் புலம் பக்கத்திலுள்ள உணர்சுற்றில் இரைச்சலைப் போடுகிறது. மின்கம்பிக்குப் போடுவதுபோல் காந்தப்பாயத்துக்குக் காப்புறை போடவும் வழியில்லை. காந்தப்புலத்தை விரட்டும் பொருள்களில் முன்னணியில் இருக்கும் பிஸ்மத்துக்குக்கூட ஒப்புமை உட்புகுதிறன் 0.9998, காற்றுக்குக் கிட்டத்தட்ட அதேதான். மீக்கடத்தி மட்டும்தான் முழுதாகத் தள்ளும், அது நம் மேசைக்கு எட்டாது. இரும்புத்தூளில் இடைவெளி பரவலாகக் கலந்திருக்கும் வளைய உள்ளகம் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன், 85 பங்கு இரும்பு, 9 சிலிக்கான், 6 அலுமினியம் கொண்ட கலவை. அது வருவதற்குள் இடைவெளியை ஒட்டிய இரண்டு சுற்றுகளைப் பிரித்து நகர்த்த வேண்டும், அங்கே செம்புக்கம்பி தொடமுடியாத அளவுக்குச் சுடுகிறது.